பனிமலைக்கு ஒரு முடிச்சு உப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஷர்மின் இப்போதுதான் தூங்கினாள். உங்கள் மூட்டுவலி தேவலையா? அத்தா ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறாரா?

அடுத்த மாதம் இருபதாம் தேதி, இங்கே சுவிஸ் மலையில் உறைந்து கிடக்கும் பனியாற்றைப் பார்க்க நடந்து போகிறோம். பயப்படாதீர்கள், ஓரமாகப் போகும் பாதைதான். ஏலத்தோட்டம் ஏறிய காலுக்கு மூன்று மணி நேர நடை ஒன்றுமில்லை. மலை என்றதும் பழக்கத்தில், காலில் ஏறும் அட்டைக்குப் போட உப்பைத் துணியில் முடிந்து வைத்தேன். உங்கள் மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ புள்ள, ஐஸுக்குள்ள அட்டை எங்கிட்டுருந்து வரும்? வந்தாலும் வெறச்சுல்ல செத்துப்போகும்!" என்றார். இருந்தாலும் முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

கீழ்வீட்டு மலையாளத்து அக்கா, "ஒரு பகல் அல்லே, பிள்ளையை என்கிட்ட விடு" என்கிறார். ஒன்றரை வயதாகியும் ஷர்மினை நான் ஒரு பகல்கூடப் பிரிந்ததில்லை. முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டே போவதென்று முடிவு செய்துவிட்டேன். குளிர் ஒன்றுதான் கவலை. எனக்கு அத்தாவின் குரங்குக் குல்லாவை அனுப்புங்கள். பழசே போதும், துவைக்க வேண்டாம்.

எனக்கு ஷர்மின் வயது இருக்கும்போதுதானே நீங்கள் என்னைச் சேலையில் கட்டித் தோட்டத்துக்குத் தூக்கிப் போனீர்கள்? அப்போது குளிருக்கு எனக்கு என்ன போட்டுவிட்டீர்கள்? கடிதம் வரப் பத்து நாளாகிறது. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஹுஸ்னா