இத்தாலிக்கு நான் பேசிய பேரம்

மாப்ள,

துண்டும் லுங்கியும் விற்கிற என் கடைக்குள் இன்று ப்ளைவுட் வாசனை வீசுகிறது. காலையில் உன் மகள் நஸ்ரின் ஆட்டோவில் ஒரு மரச் சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினாள். விரித்தால் நடைபாதைக் கடை, மடக்கினால் தோளில் மாட்டுகிற பெட்டி. ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரியில் படித்த காலத்தில், கடைசி வருடம் அவளே அறுத்து ஒட்டிச் செய்தது. அதன் படத்தை அனுப்பித்தான் இத்தாலிக் கல்லூரியில் டிசைன் படிக்க இடம் வாங்கினாள். போர்வைக்குள் மூடியே கிடந்ததால் வாசனை இன்னும் போகவில்லை.

"வீட்ல சும்மா எடத்த அடைக்குது மாமா. நீங்க துண்டு தொங்கப் போட்டுக்கங்க."

மறுபடி விண்ணப்பிக்க இது வேண்டாமா என்று கேட்க வந்தது. பதில் எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

உன் பட்டன் கடைக் கண்ணாடிப் பெட்டி மேல் லேப்டாப்பை விரித்து, போலந்து, இத்தாலி இரண்டிலும் இடம் கிடைத்திருப்பதை அவள் நமக்கு விளக்கிய அன்று, நான் கேட்ட ஒரே கேள்வி, "பீஸ் எங்கம்மா கம்மி?"

"பீஸ மட்டும் பாத்தா ஏமாந்துருவோம் மாமா. போலந்துல பீஸ் கம்மிதான். ஆனா மரம், களிமண்ணு, மாடல் செய்யிற செலவு பூராம் நம்ம தலையில. இத்தாலில பாதி பீஸ் தள்ளுபடி. பட்டறை, சாமான் எல்லாம் அவங்களே தாராங்க. ரூம் வாடகையும் கொறைச்சல். கூட்டிப் பாத்தா இதான் நமக்குக் கட்டும்."

முப்பது வருடம் வியாபாரம் பார்த்தவன் நான். அவள் கணக்கில் ஓட்டை தேடினேன், அகப்படவில்லை. நீ சிரித்தாய். "ஒன்னையவே மிஞ்சிட்டா மாப்ள."

அத்தோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

பேரையூரிலிருந்து துண்டு மூட்டையோடு இந்த ஊருக்கு வந்தவன், முதல் விலைக்குத் தலையாட்டியிருந்தால் மூட்டையோடேயே திரும்பியிருப்பான். பிடிக்காத மாதிரி எழுந்து பத்தடி நடந்தால் விற்கிறவன் கூப்பிடுவான். கூப்பிடாத ஆளை நான் பார்த்ததில்லை. நீயோ சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, "அவனும் பிள்ளகுட்டிக்காரன்தானப்பா" என்பாய். உன் கடை வாசலில் என் மூட்டையை விரிக்க இடம் கொடுத்ததும் அந்த மனசால்தான். ஆனாலும் அதற்காக உன்னை நான் கேலி செய்யாத நாளில்லை. அந்தக் கேலியால்தான், "நீயே பேசு மாப்ள, ஒனக்குத்தான் வாய் இருக்கு" என்று மகள் விஷயத்தை என்னிடம் விட்டாய்.

பாதி தள்ளியவன் இன்னும் கொஞ்சம் தள்ளமாட்டானா என்றேன். போலந்துக் கடிதத்தைக் காட்டி இத்தாலிக்கு எழுதச் சொன்னேன்.

"போலந்துக்கு வரலன்னு எழுதிட்டேனே மாமா."

"எழுதுனா என்ன? பேப்பர் கையிலதான இருக்கு?"

அரை மனசோடு எழுதினாள். 'உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. யார் எழுதினாலும் தானாகப் போகிற பதில் அது என்று பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்கு அது ஆள் இறங்கி வருகிற அடையாளம். முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி. அத்தா நீ கட்டிவிடுவாய் என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் கடைக்கு வந்தாய். இடுப்பு பெல்ட்டில் பணம் இருந்தது.

"பேங்குக்கு வா மாப்ள. கட்டிட்டு அப்பறம் கேப்போம்."

"கட்டுன பெறகு எவன்டா கொறைப்பான்? கெடு வைக்கிறவன்தான் அவசரத்துல இருக்கான். திங்கக்கெழம அவனே கூப்புடுவான் பாரு. பிள்ளட்ட ஒண்ணும் சொல்லாத, பதறும்."

ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனாய். என் பேச்சைத் தட்டிப் பழகாதவன் நீ.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. பணம் வராததால் அந்த இடமும் தள்ளுபடியும் வரிசையில் அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டன. எழுதிக் கெஞ்சினாள். பதிலே இல்லை. என் ஆயுளில் கூப்பிடாத முதல் வியாபாரி.

உன் வீட்டில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நின்றபடி கேட்டாள். "ஏன்த்தா கட்டல?"

நான் வாயைத் திறந்தேன். நீ என் தொடையை அழுத்தினாய். "மாமா கட்டத்தான் சொன்னான். நான்தான்மா கட்டல. ஒன்ன அம்புட்டுத் தூரம் அனுப்ப மனசு வரல."

அவள் அழவில்லை. உன்னையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சந்தில் இறங்கியதும் உன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"நான் அத்தா. எம்மேல கோவப்பட்டா ரெண்டு நாள்ல மறந்துருவா. நீ வெளியாளு மாப்ள, ஒன்ன மன்னிக்க மாட்டா. அடுத்த வருசம் அவளுக்கு நீதான ஓடணும்?"

வாழ்க்கையில் நீ போட்ட ஒரே கணக்கு. அது தப்பாகிப்போனது. அவள் மறக்கவில்லை. சோறு வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஐந்து மாதம். அதோடு ஒரு நாள் கடையில் லேஸ் சுற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துச் சரிந்தாய். கபர்ஸ்தானில் உனக்கு மூன்று பிடி மண் போட்ட கை இது. அன்றே அவளிடம் சொல்லியிருக்கலாம். துக்கம் ஆறட்டும் என்று தள்ளினேன். பிறகு நாற்பதாம் நாள் கழியட்டும் என்று. அதற்குப் பிறகு தள்ளக் காரணமே தேவைப்படவில்லை.

இன்று அந்தச் சட்டத்தைப் பார்த்த பிறகு கல்லாவில் உட்கார முடியவில்லை. ஆனையூரில் என் வீட்டுக்குப் போகிற வழியை விட்டு, சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

"இந்த வருசமும் எழுதிப் போடும்மா. நான் பாத்துக்கிறேன்."

"யார் மாமா கடையப் பாக்குறது? தம்பி இப்பத்தான் பத்தாவது. அம்மாவுக்கு நூல் நம்பர்கூடத் தெரியாது." சிரித்தாள். "அதோட நடுவுல ஒரு வருசம் என்ன செஞ்சன்னு கேப்பாங்க. ஜிப் வித்தேன்னு எழுதவா?"

"அத்தா மேல இன்னும் கோவமாம்மா?"

டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "கோவமெல்லாம் இல்ல. அத்தா பயந்த ஆளு. நீங்க ஒருத்தர்தான் மாமா எனக்காக நின்னீங்க."

உண்மையைச் சொன்னால், முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அந்த ஐந்து மாதமும் அவள் மேல் இடிந்து விழும். மறுபடி அவள் பேச நீ இல்லை. இதனால்தான் வாயை மூடிக்கொண்டேனா, இல்லை அவள் வாயால் நல்லவன் என்று கேட்பது எனக்கு வேண்டியிருக்கிறதா? எவன் சரக்கில் எங்கே கலப்படம் என்று தொட்டே சொல்வேன். என் சரக்கில் சொல்லத் தெரியவில்லை.

"வாரேம்மா" என்று எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் வாசலுக்குப் போய், குனிந்து, என் செருப்பைக் கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைத்தாள். உன் செருப்பை அவள் அப்படித் திருப்பி வைத்து நான் பார்த்திருக்கிறேன், இத்தாலிக்கு முந்தின காலத்தில்.

போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், மாப்ள.