ஓதாத பங்கு

5 ஜூலை 2024, வெள்ளி

இன்றைக்கு ஜும்ஆ தொழுகையில் மானம் போனது. தொழவைக்கிற ஹஜ்ரத் அல்ஹம்து சூராவை ஓதி முடித்தார். எங்கள் பள்ளிவாசலில் அந்த இடத்தில் எல்லோரும் மனசுக்குள்தான் ஆமீன் சொல்லிக்கொள்வார்கள். நான் மட்டும், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி, "ஆமீன்" என்று கத்திவிட்டேன். அத்தனை பெரிய பள்ளியில் ஒற்றைக் குரல். எனக்கு முன்னால் நின்றவரின் தோள் குலுங்கியது. பயபக்தி என்று நினைத்தேன். சிரிப்பு.

எல்லாம் என் மகன் இம்தியாஸால் வந்தது. இரண்டு வருஷமாக அவன் தவ்ஹீத் பக்கம், குர்ஆனிலும் ஹதீஸிலும் இல்லாத சடங்கெல்லாம் கூடாது என்கிறவர்கள். திருவண்ணாமலை ரோட்டில் அவர்கள் புதிதாகக் கட்டிய கூடத்தில் ஆமீனைச் சத்தமாகச் சொல்வார்கள். மகன் மனசு நோகக்கூடாது என்று ஒரு வெள்ளி அங்கே. எங்கள் ஜமாஅத் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வெள்ளி இங்கே. எந்த வெள்ளி எந்தப் பள்ளி என்பது மறந்துபோனால் இப்படித்தான்.

வாசலில் பள்ளி நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி பிடித்துக்கொண்டார். "இன்னா காயில் பாஷா, லைனை மாத்திக் குடுத்துட்டியா?"

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனை வேறு எப்படிக் கிண்டல் செய்வார்கள்? நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

வீட்டில் என் பெண்டாட்டி ஜைத்தூனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. வலிக்குதா என்றேன். கேஸு, வாயுப் பிடிப்பு என்றாள்.

14 ஜூலை, ஞாயிறு

மாமியார் பெயரில் வருஷ பாத்திஹா. நெய்ச்சோறு, தால்சா. ஹஜ்ரத் வந்து ஓதினார்.

இம்தியாஸுக்கு இது ஆகாது. மௌத்தானவர்கள் பெயரால் சோற்றை முன்னால் வைத்து ஓதுவது மார்க்கத்தில் இல்லாதது. ஓதிய சோற்றைத் தொடமாட்டேன் என்பான். முதல் வருஷம் சாப்பிடாமலே எழுந்துபோய்விட்டான். ஜைத்தூன் அன்றைக்கு முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

அவளுக்கு எந்தக் கிதாபும் தெரியாது. ஆனால் அடுத்த தடவை வழி கண்டுபிடித்துவிட்டாள். ஹஜ்ரத் வருவதற்கு முன்பே சட்டியின் மேல்சோற்றை அள்ளி, மூடி நசுங்கிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவாள். அது ஓதாத பங்கு. மகனுக்கு. ஹஜ்ரத்துக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டார். ரெண்டு ஜமாஅத்தும் கூடிப் பேசித் தீர்க்காததை ஒரு டப்பா தீர்த்துவிட்டது.

இன்றைக்கும் இம்தியாஸ் ரெண்டு தெரு தள்ளியிருக்கும் அவன் வீட்டிலிருந்து எல்லாம் முடிந்த பிறகு வந்தான். அம்மா கொடுத்ததை வாங்கி ரெண்டு தடவை சாப்பிட்டான். எனக்கு நிம்மதி. ஜைத்தூன்தான் சரியாகச் சாப்பிடவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

20 ஜூலை

கேஸு இல்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

பாண்டி ஆஸ்பத்திரி. ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. ரெண்டு பக்கமும் என்னைத் தேடமாட்டார்கள், அந்தப் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

கணையத்தில் கட்டி. முற்றிவிட்டதாம்.

இம்தியாஸ் கீழே மருந்து வாங்கப் போன நேரத்தில் ஜைத்தூன் கூப்பிட்டாள். "இன்னாங்க, ஒண்ணு சொல்லணும். அவன் வர்றதுக்குள்ள."

எங்கம்மா பாத்திஹா அன்னிக்கு வலி தாங்கல, எடுத்து வெக்க மறந்துட்டேன், என்றாள். ஹஜ்ரத் ஓதிட்டுப் போயிட்டாரு. அப்புறம்தான் பாத்தேன், டப்பா காலி. அதுக்குள்ள அவன் வண்டிச் சத்தம். ஓதின சட்டியிலருந்தே அள்ளிக் குடுத்துட்டேன்.

"அவன் கேக்கவே இல்லைங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நம்பி சாப்ட்டான்."

அதுக்கு இப்ப இன்னா, சோறுதானே என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சோறு இல்ல. அவன் ஈமான், அவன் நம்பிக்கை. நான் சொல்றதுக்கு வாய் வரல. நான் போனப்புறம் நீங்க சொல்லிடுங்க. அம்மா மாப்பு கேட்டான்னு சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். எதுக்குச் சொன்னேன்? சண்டை போட்டிருக்கணும். நீ எங்கேயும் போகமாட்டே, நீயே சொல்லுன்னு கத்தியிருக்கணும். பஸ்ஸை நிறுத்தற தொண்டை எங்கே போச்சு?

19 ஆகஸ்ட், திங்கள்

சுபுஹு தொழுகைக்கு முன்னால், விடியாத நேரம். ஜைத்தூன் போய்விட்டாள்.

21 ஆகஸ்ட், புதன்

நேற்று எழுத முடியவில்லை.

திங்கள் மதியம் அவளைக் கிடத்திய சந்தூக்கைப் பள்ளி முற்றத்தில் இறக்கினோம். எனக்கு அழுகையைவிடப் பயம்தான் முன்னால் நின்றது. ஹஜ்ரத் தாயத்து எழுதிக் கொடுக்கிறவர், அதுவும் தவ்ஹீத்காரர்களுக்கு ஆகாது. அவர் பின்னால் இம்தியாஸ் தொழுது ரெண்டு வருஷம் ஆகிறது. பெற்றவளின் ஜனாஸா தொழுகையில் மகன் சுவரோரம் தனியாக நிற்பானோ என்று.

ஹஜ்ரத் இமாம் நிற்கிற இடத்துக்குப் போனார். அங்கிருந்தே திரும்பி அவனைப் பார்த்தார். "வா தம்பி. மகன்தானே முறை. நீயே தொழவை."

முத்தவல்லி ஏதோ முணுமுணுத்தார். ஹஜ்ரத் அவன் பின்னால் முதல் ஆளாகக் கைகட்டி நின்றுவிட்டார். அதற்கு மேல் யார் பேசுவது?

தொழுகைக்கு முன்னால் வீட்டுக்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மௌத்தான இவங்களால யாருக்காவது மனசங்கடம் இருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்பு குடுத்துடுங்க." குடுத்துட்டோம் என்று கூட்டம் சொன்னது. எல்லோருக்கும் மேலே இம்தியாஸின் குரல்.

என்னவென்று தெரியாமலே கொடுத்தான். அது கணக்கில் சேருமா?

தொழுகையில் அவன் ஒவ்வொரு தக்பீருக்கும், அல்லாஹு அக்பர் சொல்லும்போதெல்லாம், கையைத் தூக்கினான். எங்கள் ஆட்கள் முதல் தக்பீரோடு சரி. வரிசையில் பாதிக் கை மேலே, பாதிக் கை கீழே. நான்? காது வரைக்கும் போகாமல், கட்டின இடத்திலும் நிற்காமல், கொசு விரட்டுகிறவன் மாதிரி நடுவில். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய் ஜைத்தூன்.

10 செப்டம்பர்

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதவேண்டும் என்பது அவள் ஆசை. இம்தியாஸ் கடைக்கே வந்துவிட்டான்.

"வேணாம் அத்தா. நபியோட பிள்ளைங்க அவங்க கண்ணு முன்னாடியே மௌத்தானாங்க. நாப்பது ஓதினாங்களா? அம்மாவுக்காக துஆ கேளுங்க, ஏழைங்களுக்குக் குடுங்க. யாரு வேணான்னது?"

சாயங்காலம் ஹஜ்ரத்திடம் இதைச் சொன்னேன். "ஓதறது குர்ஆன். சாப்பிடறது ஏழைங்க. நன்மையை அவளுக்குச் சேத்து வைன்னு கேக்கறது ரப்புகிட்ட. இதுல எது பாஷா தப்பு?" என்றார்.

அவன் பேசும்போது அவன் சொல்வது சரி. இவர் பேசும்போது இவர் சொல்வது சரி. எந்த ஒயரில் கரண்ட் வருகிறது என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தவன் நான். எட்டாம் கிளாஸோடு நின்றவன் கையில் இதற்கு டெஸ்டர் இல்லை.

மோட்டார் எடுக்க வந்த சிங்கவரம் விநாயகம் நான் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கள்லயும் நாமம் எப்டிப் போடறதுன்னு கேஸு போட்டவங்க இருக்காங்க பாய். சாமி இன்னிக்கு வரைக்கும் சாட்சி சொல்ல வரல" என்றார். இன்றைக்கு அதுதான் நான் சிரித்த ஒரே சிரிப்பு.

நான் ஓதத்தான் போகிறேன். அவள் கேட்டாள், அவ்வளவுதான். வரமாட்டேன் என்று இம்தியாஸ் கடையிலேயே சொல்லிவிட்டான்.

இன்னொன்றைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

27 செப்டம்பர், வெள்ளி

சமையல்காரர் சட்டியை இறக்கியதும் ஆள் அனுப்பாமல் நானே போய் மேல்சோற்றை அள்ளினேன். டப்பா மூடி எனக்கு மூடவில்லை. அந்த நசுங்கலை எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். தட்டு போட்டு மூடி வைத்தேன். அப்புறம்தான் ஹஜ்ரத்தை உள்ளே கூப்பிட்டேன்.

ஓதினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அஸர் தொழுகை நேரமும் ஆயிற்று. வரவில்லை. டப்பாவை எடுத்து அவன் வீட்டுக்கே போகலாமா என்று செருப்பை மாட்டினேன். வண்டிச் சத்தம்.

வந்து அடுப்படியில், அவன் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். டப்பாவை வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஓதாததுதானே அத்தா?"

"ஆமாண்டா. அவர் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

ரெண்டு வாய் சாப்பிட்டான். அப்புறம் கை நின்றுவிட்டது. சோற்றைப் பார்த்துக்கொண்டே அழுதான். அம்மாவின் சந்தூக்கைத் தூக்கும்போதுகூட அழாத பிள்ளை.

"கோச்சிக்காதீங்க அத்தா. உங்ககிட்ட கேக்க வேண்டியிருக்குது. அம்மா குடுத்தா கேட்டதே இல்ல. எல்லாரும் என்னை வம்புக்காரன்னு சொல்றாங்க. அவங்க ஒருத்தங்கதான் என் ஈமானை மதிச்சாங்க. ஒரு நாளும் ஏமாத்தல."

தால்சா ஊற்றட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் என்றான். ஊற்றினேன்.

சாப்பிட்டு முடித்து டப்பாவை அவனே கழுவினான். மூடியை ஒரே அழுத்தில் மூடினான். எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

போகும்போது வாசல் வரைக்கும் போனேன். வண்டியில் ஏறிவிட்டு, இன்னா அத்தா, எதாவது சொல்லணுமா என்றான். ஹெல்மெட் போட்டுக்கோ என்றேன்.

உங்கம்மா உன்கிட்ட மாப்பு கேட்டாடா, இம்தியாஸ்.