மாரில் முழ என்றுதான் ஓமனா சொன்னாள்

என் ஓமனாவுக்கு,

நீ பச்சிலையைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்து செத்தாய் என்று சொல்லித் திரிகிறார்கள். அது பொய். நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஜீப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான்.

போன வாரம் தக்கலையில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம். மலையில் இருக்கும் காணிப் பழங்குடிப் பெண்களுக்கு விவரம் போதாது, கூச்சப்பட்டு நோயை மறைத்துவிடுகிறார்கள் என்றார் ஓர் அதிகாரி. எடுத்துக்காட்டுக்கு உன் பெயரையே சொன்னார். கான்வென்ட் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்துப் படித்து, என்னை அக்கா என்று கூப்பிட்டவள் நீ. என் வீட்டுக்காரர் இறந்தபோது மலையிறங்கி வந்து என்னோடு தங்கியவளும் நீதான். எழுந்து நின்றேன்.

"பாட்டி, உக்காருங்க. கடைசியில கேக்கலாம்."

"நான் உமக்குப் பாட்டி இல்லை. நீர் அந்த மலைக்குப் போயிருக்கீரா?"

மைக்கை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே இங்கே, பத்திரிகையில் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னை வெளியே நிறுத்திவிட்டு உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மாரில் ஒரு முழ உண்டு என்று சொல்லியிருக்கிறாய். நம் பக்கத்தில் கட்டியை வேறெப்படிச் சொல்வது? வெளி மாவட்டத்து டாக்டருக்கு முழ புரியவில்லை. மார் என்றால் இதயம் என்று எடுத்துக்கொண்டார். ஈசிஜி எடுத்து, வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினார். நீ சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய்.

"அக்கா, எனக்கு ஹார்ட்டு நல்லா இருக்காம்."

நான் உள்ளே போய்ச் சண்டை பிடித்தேன். தொட்டுப் பார்க்கப் பெண் நர்ஸ் இல்லை, மலைக்கு வரும் மருத்துவ முகாமில் பார்க்கலாம் என்றார்கள். முகாம் வண்டி கீழே அணைக்கட்டோடு திரும்பிவிட்டது. மேலே ரோடு சரியில்லையாம். கடைசியில் ஒருவர் தொட்டுப் பார்த்தபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது. இதில் நீ மறைத்தது எது?

முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லாரையும் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதியவர்களுக்கு உங்கள் குடியிருப்பு தெரியாதா? தேர்தல் வந்தால் ஓட்டு மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு அதே பாதையில்தானே ஏறுகிறார்கள்?

இப்போது உன் மகள் ஷீஜாவுக்கும் ஒரு முழ. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் அசைய மாட்டேன் என்கிறாள்.

"அம்மையும் போனாளே, பெரியம்மே. போயி என்ன கிட்டிச்சு?"

ஓமனா, நாளைக் காலை மலைக்குப் போகிறேன். அவள் சம்மதிக்கும்வரை அங்கேதான் இருப்பேன். டாக்டர் முன்னால் அவள் பக்கத்திலேயே நிற்பேன்; யார் சொன்னாலும் வெளியே போக மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஆனால் அங்கே மற்றப் பெண்களும் இருக்கிறார்களே. இதை வாசிக்கும் சுகாதார அதிகாரிகளைக் கேட்கிறேன்: தொட்டுப் பார்க்கப் பயிற்சி பெற்ற பெண் நர்ஸ் ஒருவர் அந்த மலைக்கு எப்போது வருவார்? போனில் சொல்ல வேண்டாம். தேதி போட்டு, கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் தாருங்கள்.

ஓமனாவின் அக்கா,
லில்லிபாய்