தாத்தா வாயைத் திறந்துட்டாரு

டிசம்பர் 8
வருசா வருசம் சபையில வீடு வீடாப் பாடிப் போற கேரல்ல கிறிஸ்துமஸ் தாத்தா வேசம் கட்டுற முடிவெட்டுறவரு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டாரு. பாஸ்டரம்மா நேரா என் தையல் கடைக்கு வந்துட்டாங்க. அந்தச் சிவப்பு அங்கி உனக்குத்தான் சரியா இருக்கும்கிறாங்க. இருக்காதா பின்னே? அதைத் தைச்ச அன்னைக்கு அளவு குடுக்க ஆளு வரல, என் உடம்புல வச்சுத்தானே வெட்டினேன். தொப்பைக்குத் தலகாணி வேணுமான்னு கேட்டாங்க. என்னை ஒரு தடவை பாத்துட்டு, அவங்களே வேணாம்னுட்டாங்க.

டிசம்பர் 9
சரின்னு சொன்னப்புறம்தான் உறைக்குது. சபையில ஒரு வீடு விடாம போகணும். அப்போ அண்ணன் வீடு?
அண்ணன் மக கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. பக்கத்துத் தெருவுல இருக்கிற அத்தைக்காரிக்குத் தபால்ல! அதுலருந்து அந்த வாசலை மிதிக்கல. அண்ணியும் என் கடைப் பக்கம் எட்டிப் பாக்கல.

டிசம்பர் 11
யோசிச்சேன். முகமூடி இருக்கு. தாத்தா வாயைத் திறக்கக் கூடாதுங்கிறது எங்க சபை வழக்கம். ஆடணும், மிட்டாய் குடுக்கணும், கிளம்பணும். அப்படிப் பாத்தா நான் போனதா ஆகாதுல்ல? தாத்தாதானே போறாரு. அண்ணனுக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சாம் — எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வந்துடலாம்.

டிசம்பர் 14
கண்ணாடி முன்னால ஆடிப் பாத்தேன். வீட்டுக்காரர் சாப்பிடறதை நிறுத்திட்டாரு.

டிசம்பர் 20
மானம் போச்சு.
அண்ணன் வீட்ல நல்லாத்தான் ஆடினேன். மிட்டாயை வாங்கின அண்ணன் கையை விடல. எல்லார் முன்னாடியும் தாத்தாகிட்ட முறையிடுறாரு. "தாத்தா, எனக்கு ஒரு தங்கச்சி. வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் கல்யாணத்துக்கு வரல. அவளுக்கு நல்ல புத்தி குடுங்க."
வீடு தேடியா? வாய் தானா திறந்துக்கிச்சு.
"எப்பண்ணே வீடு தேடி வந்தீங்க? தபால்ல போட்டா அதுக்குப் பேரு கூப்பிடறதா?"
டிரம் நின்னுடுச்சு. அண்ணனோட சின்னப் பேத்தி, தாத்தா பொம்பளைன்னு அழறா. அண்ணன் மெதுவா அண்ணி பக்கம் திரும்பினாரு.
"நீ நேர்ல போனேன்னு சொன்னியே?"
அண்ணி தரையைப் பாத்தாங்க. "கல்யாண வேலையில கால் ஓயல, தபால்ல போட்டேன். இவ கோச்சுக்கிட்டதும் சொல்லப் பயமாப் போச்சு."
பாஸ்டர் அவசரமா அடுத்த பாட்டை எடுத்தாரு. நான் தாடியோட வெளிய வந்துட்டேன்.

டிசம்பர் 22
கடைக்கு வர்றவங்க எல்லாம் என்னைத் தாத்தாங்கிறாங்க. அண்ணன் வீட்லருந்து ஒரு சத்தமும் இல்ல. அவ்வளவுதானா?

டிசம்பர் 25
ஆராதனைக்குக் கிளம்பி நிக்கிறேன், வாசல்ல அண்ணி. மன்னிப்பும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. புது ரவிக்கையை நீட்டி, "கை இறுக்குது, கொஞ்சம் பாரேன்"னாங்க. வேற எவனோ தைச்சது. திருப்பிப் பாத்தா — அதெல்லாம் ஒரு தையலா? வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே கையை மொத்தமா பிரிச்சுட்டேன். அண்ணி மிசின் பக்கத்துல உக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க.
ஆராதனைக்கு ரெண்டு பேருமே லேட்டு.