அம்மாவுக்கு ஆடு ஒத்துக்காது

5 அக்டோபர் 2025, ஞாயிறு

இன்றும் கிள்ளானுக்குப் போகவில்லை. அம்மாவிடம் சொன்ன காரணம், ஆபீஸ் வேலை. உண்மையான காரணம், சோம்பல். சுபாங் ஜெயாவிலிருந்து அரை மணி நேரம். அதுகூட முடியவில்லை இந்த மகாராணிக்கு.

"பரவால்லமா, வேலையப் பாரு. தீபாவளிக்கு மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துருவல்ல? ஆடு சொல்லிட்டேன்" என்றார். வருவேன் என்றேன். சாப்பாடு என்றால் வராமல் இருப்பேனா?

19 அக்டோபர், ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. நானும் ஜீவனும் நேற்றே கிள்ளானுக்கு வந்துவிட்டோம். ஆட்டுப் பெரட்டல், கோழிக் குழம்பு, அதிரசம், எல்லாம் அம்மா ஒற்றை ஆளாக. முட்டிவலிக்கு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். நான் வெங்காயம் உரித்தேன். அதையும் பாதியில் விட்டுவிட்டு ஹாலில் போய் போனை நோண்டினேன்.

நாலு தடவை கூப்பிட்டார். "தாமர, பெரட்டல்ல உப்பு பாரு." ஐம்பது வருஷமா சமைக்கிறவங்களுக்கு உப்பு பார்க்க நான் எதுக்கு? எரிச்சலோடு போய், கரண்டியை வாயில் வைத்தும் வைக்காமலும் "ஓக்கே லா மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

20 அக்டோபர், தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளியல். தோசை, பெரட்டல். உப்பு தூக்கல். ஜீவன் குறை சொல்லாமல் எட்டு தோசை சாப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டி வந்தார். அம்மா வாசலில் வந்தவர்களுக்குச் சர்பத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் ஆன்டிக்குப் பரிமாறினேன். "அம்மாவுக்கு ஆடு ஒத்துக்காது ஆன்டி, உங்களுக்கே நெறைய வைக்கறேன்" என்றேன். எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வதுதான்.

ஆன்டி தோசையைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தார். "யாருக்கு ஒத்துக்காது? பவுனம்மாவுக்கா? நல்லா சொன்ன போ! கல்யாண வீட்ல எலும்புத் துண்டு வரலன்னா பந்தியிலயே சண்ட போட்டவ உங்கம்மா. நீ டெங்கில கெடந்தப்ப முருகன்கிட்ட விட்டது அது. நீ பால்குடம் எடுக்கற வரைக்கும் ஆட்ட தொடமாட்டேன்னு. ஒனக்குத் தெரியாதா?"

பால்குடம் தெரியும். ஆடு தெரியாது.

21 அக்டோபர், செவ்வாய்

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

2006. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடித்த டிசம்பர். எனக்கு ரத்த அணு இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் ஏதோ சொல்ல, அம்மா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும், "பத்துமலைக்கு பால்குடம் வேண்டியிருக்கேன், நீதான் எடுக்கணும்" என்றார். அடுத்த வருஷம் எடுக்கறேன்மா என்றேன். பிறகு யூனிவர்சிட்டி. பிறகு சிங்கப்பூரில் வேலை. பிறகு கல்யாணம். பிறகு — பிறகு ஒண்ணுமில்ல, மறந்தே போச்சு. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் "இந்த வருஷம் லீவு கெடைக்குமாமா?" என்று கேட்பார். நாலைந்து வருஷமாகக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். நிறுத்தினதக்கூட நான் கவனிக்கல.

பத்தொன்பது தீபாவளி. அத்தனையிலும் அவர் ஆடு சமைத்தார், நான் தின்றேன். அவர் வாயில் வைக்க முடியாது, அதனால்தான் என்னை உப்புப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஒரு வேலையையும் ஒழுங்கா செய்யல நான். எருமமாடு.

மத்தியானம் போன் செய்து கத்தினேன். கத்துவதற்கும் அவர்தான் கிடைக்கிறார் எனக்கு.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா எனக்காகப் போயிருப்ப. அது சாமிக்குச் செய்யறது இல்லையே."

"அதுக்காக பத்தொன்பது வருஷமாம்மா?"

"ஆடு திங்கலன்னா யாரும் செத்துட மாட்டாங்க. நீ நல்லா இருக்கல்ல? போய் வேலையப் பாரு."

டாய்லெட்டில் போய் அழுதுவிட்டு வந்தேன். பக்கத்து மேசைப் பெண் ஜலதோஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

15 டிசம்பர், திங்கள்

இன்றிலிருந்து விரதம். நாற்பத்தெட்டு நாள். லீவு கிடைக்குமா என்ற பேச்சே இல்லை. பூசம் இந்த முறை ஞாயிற்றுக்கிழமை. அம்மாவிடம் சொன்னபோது "சரிமா" என்று மட்டும் சொன்னார்.

24 டிசம்பர்

ஆபீசில் கிறிஸ்துமஸ் விருந்து. பொரித்த கோழி வாசனைக்கே எனக்குக் கோபம் வருகிறது. பத்தே நாள்தான் ஆகிறது. வெட்கமா இருக்கு.

11 ஜனவரி 2026, ஞாயிறு

இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் கிள்ளான். இன்று சாம்பார், கீரை, வாழைக்காய் வறுவல். உரிப்பது, அரிவது, கழுவுவது எல்லாம் நான். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கத்தி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எலும்புச் சண்டையைப் பற்றிக் கேட்டேன். அம்மாவுக்குப் பதினாறு வயது. பந்தியில் பரிமாறினவர் அவர் பெரியப்பா. எலும்பையெல்லாம் எதிர் வரிசைக்கு வைத்துவிட்டாராம். அம்மா இலையை மூடிவிட்டு எழுந்துபோய், ஒரு மாதம் பெரியப்பாவோடு பேசவில்லையாம். "அப்பறம் அவரே ஒரு சட்டி நிறைய எலும்புக் குழம்பு கொண்டாந்து வச்சிட்டு போனாரு" என்று சொல்லும்போது அம்மா கண்ணெல்லாம் சிரிப்பு. இப்படி ஒரு அம்மா இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

1 பிப்ரவரி, தைப்பூசம்

ஆற்றங்கரையில் குளித்து, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கூட்டம் நெரித்தது. பாதம் எரிந்தது. அம்மாவால் படி ஏற முடியாது. கீழே தண்ணீர்ப் பந்தலில் ஜீவனோடு உட்கார்ந்திருந்தார். மேலே போனதும் வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்றுதான் வாயில் வந்தது. முருகனிடம் கேட்டேனா அம்மாவிடம் கேட்டேனா, தெரியாது.

இறங்கி வந்ததும், "கால் எரியுதாமா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

4 பிப்ரவரி, புதன்

இடும்பன் பூஜை நேற்றோடு முடிந்தது. இனிமேல் கறி சாப்பிடலாம். நானும் ஜீவனும் லீவு போட்டுவிட்டு, பாசாரில் நல்ல எலும்பாகப் பார்த்து வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனோம். அம்மாவை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. நானே அரைத்து, நானே பெரட்டினேன். இராஜம்மா ஆன்டியையும் கூப்பிட்டேன்.

அம்மா குளித்துவிட்டு, விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரிய எலும்பாக எடுத்து வைத்தேன். கடித்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு எழுந்து பின்பக்கம் போனார். துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

"கோச்சிக்காத தாமர. என்னமோ வாடை தூக்கியடிக்குது. உள்ள எறங்கல." ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

நான்தான் இதைச் செய்தேன். வேறு யாரும் இல்ல, நான்தான். முருகன் காத்திருப்பார். நாக்கு காத்திருக்குமா?

22 பிப்ரவரி, ஞாயிறு

காலையிலேயே அம்மா போன். "ஆடு அர கிலோ வாங்கிட்டு வா, எலும்போட. அன்னிக்கு நீ இஞ்சி பத்தாம போட்டுட்ட. சரியா வேகவும் வைக்கல. அதான் அந்த வாடை. இன்னிக்கு நான் செய்யறேன் பாரு."

அப்பாடா! அவ்வளவுதானா! பதினெட்டு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஜீவனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அன்னிக்கு நல்லாதான இருந்துச்சு? நான் மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டேனே. ஆன்டியும்தான்" என்றார். சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

கிள்ளானில் அம்மா சமைத்தார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா ஒரு துண்டை எடுத்து மென்று, தண்ணீர் குடித்தார். "பாத்தியா, இதுதான் பெரட்டல்" என்றார். அடுத்த துண்டு. மறுபடியும் தண்ணீர். சாப்பிடுகிற நேரமெல்லாம் கண் என் மேலேயே இருந்தது.

"நல்லாருக்காமா?"

"ரொம்ப நல்லாருக்கு. இன்னொரு துண்டு வையி."

வைத்தேன்.