காந்தம் வைக்கச் சொன்னது நான்

ஆம்பூர்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் சுஹேலுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சவூதியில், தம்மாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்குக் கம்மி, வேலூர் டாக்டர் கொடுத்த மாத்திரையை உன் தங்கை உமைமா பக்கத்தில் நின்று போட வைக்கிறாள். உமைமா பிள்ளைகளோடு வந்து பத்து நாளாகிறது, சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான், என் செருப்பை எங்காவது கொண்டுபோய்ப் போட்டுவிட்டு என்னையே தேடச் சொல்கிறான். எனக்குச் சர்க்கரை ஜாஸ்திதான், அதை விடு. இரண்டு வெள்ளிக்கிழமையாக அம்மா ஏன் போனை எடுக்கவில்லை என்று உமைமாவிடம் கேட்டாயாம். அவள் ஏதோ சாக்குச் சொன்னாளாம். காரணம் நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் நீயும் நானும் பேசுவது என்ன, சலாம், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அம்மாவிடம் கொடுங்கள். பன்னிரண்டு வருஷமாக அவ்வளவுதான். முஜாஹித் லீவு முடிந்து திங்கட்கிழமை தம்மாம் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாசம் கல்யாணத் தரகர் சமீருல்லா குடியாத்தத்தில் ஒரு இடம் சொன்னார். பெண் ஸ்கூலில் கணக்கு டீச்சர். பையனுக்கு முப்பத்தாறு வயசானால் என்ன, நல்லவனாக இருந்தால் போதும் என்றார்களாம். உன் அம்மா அந்தப் பெண்ணின் போட்டோவைத் தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டு வந்தாள், உன்னிடம் எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று எங்களுக்குக் கட்டளை வேறு. பிறகு பெண்ணின் அப்பா ஆம்பூர் பஜாரில் உன்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். யாரோ ஒருத்தன், யாரு, மேக்னெட் சுஹேலா, அப்பனோட தோல் யூனிட்டையே மூட வெச்சவனாச்சேன்னு சொல்லியிருக்கிறான். ஊருக்கு அந்தப் பெயர் இன்னும் மறக்கவில்லை பார். ஃபிர்தௌஸ் வீட்டார் உன் நிச்சயத்தை முறித்ததும் இதே பேச்சை வைத்துத்தான், அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சமீருல்லா வந்து விஷயத்தைச் சொன்னதும் உன் அம்மா அவரிடம் கெஞ்சினாள். தப்பு பண்ணான்தான், இல்லன்னு சொல்லல, சின்ன வயசு, தெரியாம பண்ணிட்டான், பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு தொழுகையிலயும் அவனுக்காக அல்லாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டிருக்கேன், மனுஷங்க மன்னிக்கக் கூடாதான்னு கேட்டாள். எனக்கு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை சுஹேல். அவள் அப்படி துவா கேட்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுத வேண்டும். பட்டன் போன் காலத்தில் போன் வைக்கிற நம் தோல் பவுச் இல்லாத இடுப்பு இந்தப் பக்கத்தில் உண்டா. வாலாஜாபேட்டை மண்டியில் பெல்ட்டில் தொங்குவதைப் பார்த்தாலே மக்பூல் பாய் பவுச் என்று சொல்வார்கள். பதினெட்டு பெண்கள் தைத்தார்கள். ஒவ்வொரு மாடல் போனுக்கும் தோலை வெட்ட ஒரு இரும்பு அச்சு, டை வேண்டும், புது மாடல் வருகிறது என்று போன் கம்பெனி ஏஜெண்ட் சொன்னாலே நான் டைக்குச் சொல்லிவிடுவேன். நீ அந்த பி.சி.ஏ. படித்த திமிரில் வந்து, அத்தா, இந்தக் கம்பெனி போன் இனிமே ஓடாது, எல்லாம் டச் ஸ்க்ரீனுக்கு மாறுது, டை போடாதீங்கன்னு சொன்னாய். நான் சிரித்தேன். ஏஜெண்ட்டும் சிரித்தார். கண்ணாடி போன் கீழே விழுந்தால் போச்சு, நம்ம போன் மாடியிலிருந்து போட்டாலும் பேசும், உலகத்தில் பாதி பேர் கையில் நம்ம போன்தான் என்றார் அவர். அவர் பேச்சை நம்பிக் கடைசியாக ஆறு டை போட்டேன், அதில் நாலு மாடல் கடைக்கே வரவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனி, கண்ணெதிரே மூணு நாலு வருஷத்தில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அந்தக் கம்பெனியிலும் யாராவது ஒரு பையன் முன்னாடியே சொல்லியிருப்பான், அவனையும் பெரியவர்கள் வாயை அடைத்து உட்கார வைத்திருப்பார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் சென்னை பார்ட்டியிடம் அலைந்து டச் போனுக்கு மடக்கு கவர் ஆர்டர் பிடித்ததும் நீதான், இரண்டாயிரம் பீஸ். நாம் பிழைக்க அது ஒன்றுதான் வழி என்று எனக்கும் தெரியும். நம் பவுச்சுக்குப் பெயரே அந்தக் காந்தப் பட்டன்தான், மூடினால் டப்பென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கே ஜனங்கள் வாங்கினார்கள். அதை இதிலும் வை என்றேன். நீ உன் போனை எடுத்து, மூடியைப் பின்பக்கம் மடக்கினா காந்தம் போன்ல படும், ஸ்க்ரீன் அணைஞ்சிடும் அத்தா, பேசும்போதே செத்த மாதிரி ஆயிடும் என்று செய்தே காட்டினாய். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் தோல்ல கை வெச்சிருக்கேன், எனக்கு நீ சொல்லித் தர்றியாடா என்று பெண்கள் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். காந்தம் வைத்துத்தான் இரண்டாயிரமும் போயிற்று. ஒரே மாசத்தில் அவ்வளவும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. சென்னை ஆள் நேரில் வந்து, யார் சொல்லி இதை வெச்சீங்க என்று யூனிட் நடுவில் நின்று கேட்டபோது, பதினெட்டு பேர் முகமும் என்னைப் பார்த்தபோது, பையன்தான் புதுசா ஏதோ பண்றேன்னு பண்ணிட்டான் என்று என் வாய் சொல்லிவிட்டது. நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். ஆமா சார், என் தப்புதான் என்றாய். பதினெட்டு பேருக்கும் உண்மை தெரியும், ஆனால் முதலாளி சொன்ன பிறகு யார் பேசுவார்கள். அடுத்த ஆறு மாசத்தில் யூனிட்டும் இல்லை, நீயும் இல்லை.

சமீருல்லா வந்துபோன அன்றே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. என் புள்ளை செய்யாத தப்புக்கு என்னை மன்னிப்பு கேக்க வெச்சிட்டீங்களே, அல்லா என்னைப் பத்தி இன்னா நினைச்சிருப்பான் என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை. தட்டு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், உள்ளே போய்விடுகிறாள். அவள் திட்டினால் தேவலை என்றிருக்கிறது.

மறுநாள் நம் பழைய கட்டிங் மாஸ்டர் சர்தார் பாஷாவைக் கூட்டிக்கொண்டு குடியாத்தம் போனேன். பாவம், இப்போது ஒரு ஷூ கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார், லீவு போட்டுவிட்டு வந்தார். பெண்ணின் அப்பா மரியாதையான மனுஷன், டீ கொடுத்து முழுசாகக் கேட்டார். அத்தனையும் சொன்னேன், பாஷாவும் அல்லாஹ் மேல் ஆணையாகச் சொன்னார். கேட்டுவிட்டு அந்த மனுஷன், பையனுக்குக் கல்யாணம் ஆவணும்னா பெத்தவங்க எதையும் சொல்வாங்க பாய், நானும் பொண்ணைப் பெத்தவன், எனக்குத் தெரியாதா என்றார். நான் பொய் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மையைச் சொல்லப் போனால் ஒருத்தரும் நம்பவில்லை. பஸ்ஸில் பாஷா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. உன் பெயரைக் கெடுக்க எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது, அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை மகனே. இன்று ஜும்மா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தெரிந்தவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், மக்பூல் பாய்க்கு வயசாயிடுச்சு என்று முகத்திலேயே தெரிகிறது. நாளையும் சொல்வேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். உன் அம்மா தினம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள், உன் பெயர் வரைக்கும் போகிறாள், திரும்பக் கீழே வைத்துவிடுகிறாள். எந்த முகத்தை வெச்சிட்டு அவன்கிட்ட பேசுவேன் என்று உமைமாவிடம் சொன்னாளாம். நீ போன தடவை வந்தபோது, அத்தாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேளுடா என்று உன்னை அனுப்பினாளே, நீயும் வந்து என் முன்னால் நின்று கேட்டாயே, நானும் சரி போ என்றேனே, அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அவளாகக் கூப்பிட மாட்டாள், நீ கூப்பிடு. உமைமா நம்பருக்கு அடி, அவள் கையில் கொடுத்துவிடுவாள்.

வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, தண்ணீர் நிறையக் குடி, ஏ.சி.க்கு நேராகத் தலையை வைத்துப் படுக்காதே. தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல துணையையும் தருவான், உன் கை தொட்டதெல்லாம் பரக்கத்தாகப் பெருகட்டும். மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை அஸர் நேரத்தில் கூப்பிடு. அன்றைக்கு ஏன்டா ஆமான்னு சொன்னே என்று உன் அம்மா கேட்பாள். அவளிடம் மட்டும் சொல், நான் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அத்தா
மக்பூல் அகமது