கருகிய ஃபிலிமும் எழுந்து நின்ற முயலும்

என் பிரியமுள்ள கரீம் பாய்க்கு,

உங்கள் அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் வாணியம்பாடியிலிருந்து உங்கள் மகன் தகவல் அனுப்பினான். அவனோடு சண்டை போட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

அரசாங்க வேனில் புரொஜெக்டரோடு மலையேறி எங்கள் ஜமுனாமரத்தூருக்கு வருவீர்கள். விவசாயப் படம் முடிந்ததும் அந்தப் பழைய கார்ட்டூன். எந்த வெள்ளைக்காரனோ தன் நாட்டுப் போர்க்காலத்தில் வரைந்தது. தும்முகிற பீரங்கி, குண்டுமழையிலும் தொப்பியைத் துரத்தி ஓடும் சிப்பாய் முயல். அந்தப் பாஷை எங்களுக்குப் புரியாதென்று திரையருகே நின்று எல்லாக் குரலும் நீங்களே கொடுத்தீர்கள். "பீரங்கிக்குச் சளி புடிச்சிக்கிச்சி, மிளகு ரசம் வெச்சிக் குடுங்கடா." அப்படி ஒரு வாய் இனி யாருக்கு வரும்?

எல்லையில் சண்டை நடந்த வருடம் அது. பட்டாளத்திலிருந்த என் தம்பியிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அன்றிரவு படம் பார்க்க அவன் பெண்டாட்டி மல்லிகா முன்னால் உட்கார்ந்திருந்தாள். குண்டு விழுந்து முயல் தட்டையானது. ஊரே சிரித்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடினாள். நான் ஓடிப்போய்ச் சுழலும் ரீலைக் கையால் அழுத்திப் பிடித்தேன். நின்றுபோன ஃபிலிம் விளக்குச் சூட்டில் கருகியது.

"இன்னாய்யா இது, யார் வேலை?" என்றார் உங்களோடு வேனில் வந்த அதிகாரி.

"நான்தான் சார். மெஷின வுட்டுட்டு அங்க போய் நின்னுட்டேன்" என்றீர்கள் நீங்கள்.

என் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பிறகு மல்லிகாவிடம் போனீர்கள். "வூட்டுக்குப் போவாத தங்கச்சி. அவன் சாவல. ஒட்டிட்டுக் காட்டுறேன், குந்து." கருகியதை வெட்டி ஒட்டி ஓட்டினீர்கள். முயல் உடம்பை உதறி எழுந்தது. "எவன்டா என் தொப்பிய மிதிச்சது?" என்றது உங்கள் குரலில். அவள் சிரித்துவிட்டாள்.

அதோடு உங்களை மலைக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். 'கவனக்குறைவு' என்று கோப்பில் எழுதினார்கள். தம்பி உயிரோடு திரும்பிவந்து அந்தப் படத்தைக் கேட்டான். வேறு ஆள் போட்டுக்காட்டினார். பீரங்கி தும்மியது, அவ்வளவுதான்.

இப்போது ஜமுனாமரத்தூரில் டிவி வந்துவிட்டது. பொம்மைப்படம் அதிலும் ஓடுகிறது. உங்கள் முயலுக்கு ஈடில்லை என்கிறேன். ஒருவனும் ஒப்புக்கொள்ள மாட்டேனென்கிறான்.

என்னை ஏன் பாய் காட்டிக்கொடுக்கவில்லை?

ரீலைப் பிடித்தவன் நான்தான் என்று உங்கள் ஆபீஸுக்கு மூன்று மனு எழுதிவிட்டேன். நானாக எழுத்துக்கூட்டிப் படித்தவன். மனுவில் பிழை இருக்கலாம், பொய் இல்லை. "செத்தவருக்கு இப்ப எதுக்குங்க பெரியவரே?" என்கிறார் கிளார்க். வரும் திங்கட்கிழமை நேரில் போகிறேன். கோப்பிலிருக்கும் அந்த 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல்லை அடித்துவிட்டு அங்கே என் பெயரை எழுதும்வரை அந்த ஆபீஸை விட்டு எழமாட்டேன்.

உங்கள் மச்சான்,
சின்னசாமி